முயல் கொலை வழக்கு

எங்கள் தெருவில் காலையில் முதலில் வாய் திறப்பது அண்ணிதான். எனக்கு அவள் அண்ணி முறை இல்லை. எதிரில் கடிகாரம் பழுதுபார்க்கிற எனக்கும், ரொட்டிக்கடைக்காரருக்கும், பஸ் டிரைவருக்கும், அவளைவிட மூத்தவரான வக்கீலம்மாவுக்கும்கூட அவள் அண்ணிதான். அப்படிக் கூப்பிட முறைப்படி உரிமை உள்ளவள் ஒருத்திதான். அவள் வீட்டுக்காரரின் தங்கை. அந்தப் பெண் வீடு அதிர "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அது தெருவுக்கே ஒட்டிக்கொண்டது.

வீட்டின் முன்பாதி சலவைக்கடை, பின்பாதி குடித்தனம், நடுவில் ஒரு திரைச்சீலை. கடையில் இரண்டு பெரிய இயந்திரங்கள், கையால் கசக்க ஒரு கல்தொட்டி, ஜன்னலோரம் இஸ்திரி மேசை. மேசைக்குப் பின்னால் அண்ணன் நிற்பார். அவர் பேசுவது அபூர்வம். அவருக்கும் சேர்த்துத்தான் அண்ணி பேசிவிடுகிறாளே, பிறகு எதற்கு என்று விட்டுவிட்டார் போல. இஸ்திரிப்பெட்டி அவ்வப்போது புஸ்ஸென்று மூச்சு விடும். ஓட்டல் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரி வெள்ளை அங்கிகள், வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகள், மற்றபடி தெருவின் மொத்த அழுக்கு, எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும்.

வெள்ளைத் துணிதான் அவர்கள் பிழைப்பு. அதில் மண்ணைப் போட்டது தண்ணீர். தெருவுக்கடியில் ஓடும் குழாய் யார் காலத்ததோ, உள்ளே துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. மழை பெய்த மறுநாள் குழாயைத் திறந்தால் டீ வரும். அந்தத் தண்ணீரில் துவைத்த விரிப்பு பிஸ்கட் நிறத்தில் வெளியே வரும். அண்ணி என்னென்னவோ செய்து பார்த்தாள். பீப்பாய்களில் பிடித்து வைத்துத் துரு அடியில் தங்கட்டும் என்று காத்திருப்பாள். தங்கியதும் கலக்கிவிடாமல் மேலாக மொண்டு, மடித்த துணியில் வடிகட்டி, துரு எடுக்கும் மருந்தில் கொஞ்சம் கலந்து, அதற்குப் பிறகுதான் வெள்ளையை நனைப்பாள். ஒரு நாள் வேலை இரண்டு நாள் இழுக்கும். ஓட்டல் மேனேஜர் அதுவரை காத்திருப்பாரா என்ன.

தண்ணீர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அங்கே இஞ்சினியர் மேசையை விட்டு எழாமலே சொன்னார்: "தண்ணி நல்லாத்தாம்மா இருக்கு. உங்க வாளி துருப்பிடிச்சிருக்கும், பாருங்க."

வந்த கோபத்தில் அண்ணி வீடு திரும்புகிற வழியிலேயே புது பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கினாள். பால் வெள்ளை. அன்று சாயங்காலமே செல்போனில் 'வாளி பேசுது' என்று ஒரு பக்கம் தொடங்கிவிட்டாள். அதில் அவள் முகம் வராது. வாளி வரும், கைகள் வரும், குரல் வரும்.

"வணக்கம், நான்தான் வாளி. வயசு ஒரு நாள். எனக்குத் துருப்பிடிக்கிற வியாதி கிடையாது, பிளாஸ்டிக்கு. இப்ப குழாயைத் திறக்கிறாங்க. ஆகா. டீ போட்டிருக்காங்க, சர்க்கரைதான் போடல. இஞ்சினியர் சார், வீட்ல விருந்தாளி வந்தா சொல்லுங்க, ஒரு குடம் அனுப்பிவைக்கிறேன். பிஸ்கட் நீங்க வாங்கிக்குங்க."

தெரு சிரித்தது, ஊர் சிரித்தது, பிறகு முன்பின் தெரியாதவர்களெல்லாம் தங்கள் வீட்டு வாளிகளைக் காட்டத் தொடங்கினார்கள். இஞ்சினியர் பெண்டாட்டியே பார்க்கிறாளாம் என்று ஒரு பேச்சு. ஒரு நாள் அவர் அளவுநாடாவோடு வந்து தெருவை அளந்தார். அடுத்த கூட்டத்தில் குழாய் மாற்றுவது பற்றிப் பேசுவோம் என்று வாய்திறந்து சொல்லிவிட்டும் போனார். அண்ணி அன்றைக்கு எல்லோருக்கும் டீ கொடுத்தாள், நிஜ டீ.

இந்த நேரத்தில்தான் முயல் வந்தது.

அது பஸ் டிரைவரின் பஞ்சு முயல். அவர் ஓட்டும் பஸ்ஸில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து ஊர் பார்க்கிற முயல். புகையும் தூசியும் படிந்து அது எலியா முயலா என்று பயணிகள் பந்தயம் கட்டவே, வெட்கப்பட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி அதைத் தெளிந்த தண்ணீரில் துவைத்து வெள்ளைவெளேரென்று ஆக்கினாள். பிறகு செல்போனை நிறுத்திவைத்து, குழாய்த் தண்ணீரில் அமுக்கி, கழுத்தைப் பிடித்து இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். பழுப்புத் தண்ணீர் தாரையாக வாளியில் விழுந்தது. "துவைச்சு அழுக்காக்குற லாண்டரி உலகத்துலயே எங்களுதுதான்" என்று வாளி சொன்னது.

இனி அந்த நாத்தனாரைப் பற்றி. ஆள் குள்ளம் என்பதால் வீட்டில் பொடிசு. பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு மாடி ஆபீசில் வேலை. வாளி பேசுகிற பக்கமெல்லாம் எந்தக் கம்பெனியின் செயலியில் ஓடுகிறதோ, அந்தக் கம்பெனிக்காகக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற ஆபீஸ். ஊரார் போடுகிற படங்களில் கோளாறானதை இயந்திரம் சந்தேகப்பட்டு எடுத்துவைக்கும். மனுஷர்கள் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். திரையில் இரண்டே பட்டன்கள். ஒன்று 'நீக்கு', மற்றது 'இருக்கட்டும்'.

அடிதடியும் ரத்தமும் சதா பார்த்தால் மனசு என்னத்துக்கு ஆகும்? அதனால் அங்கே படம் நிறமில்லாமல் சாம்பலாக வரும், மங்கலாகவும் வரும். அந்த ஏற்பாட்டுக்குப் பொடிசு நன்றியோடுதான் இருந்தாள். சத்தமும் வராது. அதற்கும் பணியாளர் நலன் என்றே காரணம் சொல்லியிருந்தார்கள். காதில் மாட்டிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் நேரம் ஆகும், உண்மையான காரணம் அதுதான் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். ஆபீசில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்றும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் பொடிசு வீட்டுக்கு வந்து சூப்பை எடுத்து வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, உப்பு கம்மியா?"

"இல்ல அண்ணி."

"ஆபீஸ்ல ஏதாவது பாத்தியா?"

"சொல்லக் கூடாது."

"நீ சொல்லாத. தலைய மட்டும் ஆட்டு. மனுஷங்களா?"

இல்லை என்று ஆட்டினாள்.

"மிருகமா?"

ஆமாம்.

"சின்னதா?"

பொடிசுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனூண்டு அண்ணி. வாயில்லா ஜீவன்."

"அடப்பாவி. யாருடி அது? அந்த ஆள் கை வெளங்குமா? புழு வைக்கணும் அந்தக் கையில. நீ அதை எடுத்துத் தூக்கிப் போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"நல்லா பண்ணின. குடி, ஆறுது பாரு." சொல்லிக்கொண்டே தட்டில் வறுத்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

மறுநாள் காலை தெருவில் அண்ணியின் குரல் கேட்டது. வழக்கமான குரல் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். 'விலங்கை வதைக்கும் காட்சி. உங்கள் பக்கம் முடக்கப்பட்டுள்ளது' என்று வந்திருந்தது.

"எந்த விலங்கை நான் வதைச்சேன்? சொல்லுங்க, யாராவது சொல்லுங்க. நம்ம வீட்ல ஒரு விலங்கு உண்டா?"

அண்ணன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "பூனைகூட வளக்கலியே நாம" என்றார். அது அவருக்குப் பெரிய பேச்சு.

பஸ் டிரைவர்தான் கண்டுபிடித்தார். "அண்ணி, கடைசியா போட்டது என் முயலு."

ரொட்டிக்கடைக்காரர் ஆரம்பித்து எல்லோரும் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. திரைச்சீலைக்குப் பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பொடிசும் சிரிக்கவில்லை. அவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். நேற்று அவள் பார்த்த ஜீவனுக்கு நீளக் காது இருந்தது.

கறுப்புக் கோட்டு வாங்க வந்த வக்கீலம்மா உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார்.

"வக்கீலம்மா, பேச்சுரிமை பேச்சுரிமைங்கறாங்களே, அது எனக்கு உண்டா இல்லையா?"

"உண்டு. ஆனா அது சர்க்காரு உங்க வாயை அடைக்கக் கூடாதுன்னு சொல்ற உரிமை. கம்பெனிக்காரன் கடை அவன் கடை. உங்க கடையில நான் சத்தம் போட்டா நீங்க வெளிய போன்னு சொல்றதில்லையா?"

"நான் சொல்ல மாட்டேன். திருப்பிச் சத்தம் போடுவேன்."

"அதுதான் கம்பெனிக்குத் தெரியாது. ஊரே பேசுற இடத்தை ஒரு கம்பெனி கையில வச்சிருந்தா அவனுக்கும் ஒரு கடிவாளம் வேணும்னு இப்ப புதுச் சட்டம் வந்திருக்கு. நீக்கினா காரணம் சொல்லணும். கேட்டா நேர்ல விசாரிக்கணும். பாத்த ஆள் என்ன பாத்தானோ அதை அப்படியே உங்களுக்குக் காட்டணும். அந்த ஆள் பேரைச் சொல்ல மாட்டாங்க, ஆனா அவன் மேல நடவடிக்கை எடுங்கன்னு கேட்கற உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கேளுங்க. கம்பெனி அந்த ஆளைத் தூக்கிட்டு உங்க பக்கத்தைச் சட்டுனு திறந்துரும். அதுதான் சுலபமான வழி."

"கேட்கறேன். வேலைய விட்டே தூக்கச் சொல்றேன்" என்றாள் அண்ணி.

விசாரணைத் தேதி வரும்வரை பட்ட பாடு கொஞ்சமல்ல. பக்கம் மூடியதும் அளவுநாடா வருவது நின்றுவிட்டது. இஞ்சினியர் ஒரு நாள் கடை வழியாகப் போகும்போது, "முயல் நல்லா இருக்காம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். ஓட்டல் மேனேஜர் ஒரு மூட்டை விரிப்பைத் திருப்பி அனுப்பி, இன்னும் ஒரு தடவை இப்படி வந்தால் வேறு கடை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். ஓட்டல் போனால் கடையை மூட வேண்டியதுதான். குழாய் மாறாமல் ஓட்டல் கையில் நிற்காது. வாளி பேசாமல் குழாய் மாறாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் தினமும் அதே அர்ச்சனை.

"அந்த ஆளுக்கு மூஞ்சில இருக்கறது கண்ணா, இல்ல சட்டைப் பட்டனா? பஞ்சுக்கும் உசிருக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எவன் வேலை கொடுத்தான்? நீ சாப்பிடுடி பொடிசு. உன்னை மாதிரி பொறுப்பான பிள்ளை அங்க உக்காந்திருந்தா இப்படி நடக்குமா? இந்தா, இந்த முட்டையையும் போட்டுக்கோ."

பொடிசு தலை நிமிராமல் முட்டையைத் தின்பாள். ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்துத்தான் இறக்குவாளாம். எனக்கு அவளே பிற்பாடு சொன்னது இது.

லீவு நாளில் இருவரும் ஓட்டல் விரிப்புகள் மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேரும்போது முகத்துக்கு முகம் வரும். முதல் மூன்று விரிப்பிலும் பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்காவதில் முனையைக் கொடுக்கும்போது சொன்னாள்.

"அண்ணி, அதை நீக்கினது நான்தான்."

அண்ணி முனையை வாங்கிக்கொண்டாள். பின்னால் போய் இழுத்தாள். மறுபடி வந்தாள்.

"எதை?"

"முயலை."

விரிப்பு மடிந்து முடிந்தது. அண்ணி அதை அடுக்கில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். திட்டுவாள் என்றுதான் பொடிசு நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாளாம்.

"என் கையைத் தெரியலையா உனக்கு?"

"மங்கலா இருக்கும் அண்ணி. சாம்பலா..."

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப உனக்கு ஜடை பின்னத் தெரியாது. பின்னிவிட்டது யாரு கை? காய்ச்சல்ல கிடந்தப்ப நெத்தியில துணி போட்டது? இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இவ்வளவு பெருசு இருக்கே கட்டைவிரல்ல. ஊருக்குத் தெரியலைன்னா போவுது. உனக்குமா தெரியல?"

"சத்தியமா தெரியல அண்ணி. கை மாதிரியே இருக்காது. ரெண்டு மூட்டை மாதிரிதான் இருக்கும்."

"மூட்டை" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள் அண்ணி. அடுத்த விரிப்பைத் தனியாக மடிக்க எடுத்துப் போனாள். அது கோணலாகத்தான் மடிந்தது.

அதற்குப் பிறகு அண்ணி பேசவில்லை. சாப்பாடு போட்டாள், மீன் வைத்தாள், ஒரு சொல் இல்லை. திட்டும் இல்லை. தெருவில் காலை எப்போது விடிந்தது என்றே தெரியாமல் போயிற்று. அண்ணன் ஒரு நாள் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஏதாவது பேசித் தொலைங்களேன். எனக்குக் காது வலிக்குது" என்றார். அப்படியும் பேச்சு வரவில்லை. வக்கீலம்மா வந்து, "நடவடிக்கை கேட்கறதை மறந்துராதீங்க, அதுதான் நம்ம பிடி" என்றபோது மட்டும் அண்ணி, "அங்க பாத்துக்கலாம்" என்றாள். திரைச்சீலைக்குப் பின்னால் பொடிசு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வேலை போய்விடும் என்று முடிவு கட்டிவிட்டாள். ஆனாலும் விசாரணைக்கு வருவதென்று லீவு எழுதிக் கொடுத்தாள். அண்ணியை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார அவளால் முடியவில்லை.

விசாரணை தபால் ஆபீஸ் மாடியில். மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. அதிகாரியாக வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், ஜலதோஷம் வேறு. கம்பெனி சார்பில் டை கட்டிய ஒருவர். எங்கள் பக்கம் தெருவே போயிருந்தது. நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன், கடிகாரம் எங்கே ஓடிப்போகும். பஸ் டிரைவர் பையிலிருந்து முயலை எடுத்து மேசை மேல் உட்கார வைத்தார்.

"இது என்ன?" என்றார் அதிகாரியம்மா.

"இறந்துபோனவர் மேடம்" என்றார் வக்கீலம்மா.

அதிகாரியம்மா தும்மினார். சிரிப்பை மறைக்கத்தான் தும்மினார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். "பார்த்தவர் பார்த்தபடி காட்டுங்கள்" என்று உத்தரவிட்டார்.

திரையில் படம் ஓடியது. எங்களுக்கெல்லாம் அது முதல் தடவை. சாம்பல் நிறம். நனைந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல எல்லாம் கலங்கல். நீளக் காதுள்ள ஏதோ ஒன்று துவண்டு கிடக்கிறது. தடித்தடியாக இரண்டு உருவங்கள் வந்து அதன் கழுத்தைப் பிடிக்கின்றன. முறுக்குகின்றன. கறுப்பாகத் தாரை வழிகிறது. சத்தம் துளி இல்லை. முயல் மேசை மேல் சுகமாக உட்கார்ந்திருப்பதை மறந்து பஸ் டிரைவர், "ஐயோ, நிறுத்துங்க மேடம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். தன் கைகளைத் தூக்கித் திரையோடு வைத்துப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். கட்டைவிரலைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுவா என் கை?" என்றாள். "எனக்கே தெரியலியே."

திரும்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பொடிசைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, கை வெளங்குமா என்று தான் விட்ட சாபம் தன் கைக்கே வந்து சேர்ந்தது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தோள் குலுங்க ஆரம்பித்தது. அண்ணி சிரித்தால் நிறுத்தத் தெரியாது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் நாங்களும் சிரித்தோம்.

"மேடம், இதைப் பாத்திருந்தா நானும் அமுக்கியிருப்பேன். ரெண்டு தடவை அமுக்கியிருப்பேன்."

டைக்காரர் சட்டென்று எழுந்தார். "மனுதாரரே ஒத்துக்கொள்கிறார். நீக்கியது சரி. வழக்கு முடிந்தது."

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணி கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் வாய் திரும்பி வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

"சார், இருங்க. பட்டனை அமுக்கினது சரிதான். கண்ணையும் காதையும் கட்டிவிட்டு உக்கார வச்சது யாரு? சாம்பலா காட்டறீங்க, சரி, பிள்ளைங்க மனசு கெட வேண்டாம். மங்கலா காட்டறீங்க, அதுவும் சரி. என் வாய் எங்க சார்? நான் அதுல வாய் மூடாம பேசியிருக்கேனே. அதை எங்க வச்சீங்க?"

அதிகாரியம்மா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "'பார்த்தும் கேட்டும்' முடிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறதே. ஒலி கொடுப்பதில்லையா?"

"பணியாளர் நலன் கருதி..." என்று டைக்காரர் இழுத்தார்.

"நலனுக்கு இல்ல மேடம்."

கடைசி வரிசையில் பொடிசு எழுந்து நின்றிருந்தாள். எழுந்தும் அதிக உயரம் தெரியவில்லை.

"நான் அங்கதான் வேலை பாக்கறேன். எதைப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது. சத்தம் கொடுக்கறதில்லைன்னு மட்டும் சொல்றேன். கேட்டா நேரம் ஆகும், அதுக்காகத்தான். நாங்க கேட்டுப் பாத்துட்டோம், கொடுக்கல."

"உங்க பேர் என்ன?" என்றார் டைக்காரர்.

"விசாரணையில உண்மை சொன்னவங்களை வேலையில தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அதே சட்டத்துல அடுத்த பக்கத்துல இருக்கு சார்" என்றார் வக்கீலம்மா. "வேணும்னா படிச்சுக் காட்டறேன்."

"ஒலியோடு ஓடவிடுங்கள்" என்றார் அதிகாரியம்மா.

அதே சாம்பல், அதே கலங்கல். ஆனால் இப்போது அறை முழுக்க அண்ணி. "வணக்கம், நான்தான் வாளி. இன்னைக்கு நமக்கு ஒரு விருந்தாளி. பஸ் ஓட்டற முயல். குளிச்சு முடிச்சு மாப்பிள்ளை மாதிரி இருக்காரு. இஞ்சினியர் சார் கொடுத்த தண்ணியில இப்ப இன்னொரு தடவை குளிக்கிறாரு. மூச்சைப் பிடிச்சுக்குங்க மாப்பிள்ளை, குடிச்சிராதீங்க." அதிகாரியம்மா இந்தத் தடவை தும்மவில்லை, வெளிப்படையாகவே சிரித்தார். டைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். திரையில் கழுத்து முறுக்கப்பட்டபோது பஸ் டிரைவர் கைதட்டினார்.

பக்கத்தை அன்றே திறக்க வேண்டும், இனி முடிவு செய்கிற எல்லோருக்கும் ஒலி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார்கள். எழுதிவிட்டு அதிகாரியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீக்கிய பணியாளர் மேல் நடவடிக்கை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்கிறீர்களா?"

கேளுங்கள் என்று வக்கீலம்மா தலையை வேகமாக ஆட்டினார். பொடிசு உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"வேணாம் மேடம். அந்தப் பிள்ளை அன்னைக்கு வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டிருக்காது. பஞ்சு பொம்மைக்கு அழுத பிள்ளை. அதைவிட நல்ல ஆள் உங்களுக்கு எங்க கிடைக்கும்? இருக்கட்டும் மேடம்."

மாடிப்படியில் இறங்கும்போது பொடிசின் ஜடை ஒரு பக்கம் அவிழ்ந்திருந்ததை அண்ணி பார்த்தாள். நடுப்படியில் நிறுத்தி, எல்லோரும் இறங்க வழியில்லாமல் நிற்க, அங்கேயே பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே, "மூட்டையாமே மூட்டை" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு வீடு வரும்வரை வாய் ஓயவில்லை. பல நாள் பாக்கியை அண்ணி ஒரே நடையில் பேசித் தீர்த்தாள். அண்ணன் சந்தோஷமாகப் பின்னால் வந்தார்.

வாளி மறுபடி பேசியது. கூட்டம் நடந்தது. இஞ்சினியர் ஆட்களோடு வந்து தெருவைத் தோண்டினார், பழைய குழாயைத் தூக்கிப் போட்டு, புதுக் குழாய் பதித்தார். முதல் தண்ணீர் வந்த அன்று அண்ணி வாளிக்குள் தலையை விட்டு அடியைப் பார்த்தாள். ஓட்டல் விரிப்புகள் ஜன்னலில் கண் கூச வெளுத்துத் தொங்கின. அண்ணன் ஒவ்வொன்றையும் இஸ்திரி போடுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி வாளிக்குப் பேச என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சின்ன வருத்தம்கூட வந்தது. ஆனால் தண்ணீர் ஆபீஸ் கைவிடவில்லை. தோண்டிய பள்ளத்தை மூடாமல் போய்விட்டார்கள்.

பொடிசின் ஆபீசில் எல்லோருக்கும் காதில் மாட்டுகிற கருவி கொடுத்தாயிற்று. வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. ஒரு மத்தியானம் தண்ணீர் ஆபீசின் புகார் ஒன்று அவள் திரையில் வந்து விழுந்தது. அவமதிப்பு என்று எழுதியிருந்தது. படத்தில் சாம்பலாக ஒரு பெரிய குழி, கலங்கலாக ஏதோ உள்ளே இறங்குகிறது. ஒன்றும் புரியவில்லை. "வணக்கம்" என்றது காதில். ஒரே சொல்தான். பொடிசு கருவியைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"இது எங்க அண்ணி. நான் பாக்கக் கூடாது."

சொந்தக்காரர் விஷயம் வந்தால் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும், முகத்தையும் திருப்பிக்கொள்ள வேண்டும், அது விதி. பக்கத்துப் பெண் வாங்கி மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் ஆடியது. முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். அடுத்த மேசைக்காரன் எழுந்து வந்து கருவியில் ஒரு காதை வாங்கினான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். என்ன அங்கே கூட்டம் என்று அதட்டிக்கொண்டு வந்த மேற்பார்வையாளரிடமும் ஒரு காதைக் கொடுத்தார்கள், அவர் அதைத் திருப்பித் தரவில்லை. வாளியைப் பள்ளத்துக்குள் இறக்கி, அங்கே குடியிருக்க வாடகை எவ்வளவு என்று அண்ணி விசாரிக்கிற இடம் வந்தபோது மாடியே அதிர்ந்ததாம். யாரோ 'இருக்கட்டும்' பட்டனை அமுக்கினார்கள். தான்தான் அமுக்கியதாக அந்த ஆபீசில் இன்றைக்கும் நான்கு பேர் சொல்லிக்கொள்கிறார்கள்.

பொடிசு மட்டும் விதிப்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பின்னாலிருந்து சிரிப்பு எழும்பும் நேரத்தை வைத்தே அண்ணி எந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்துகொண்டு, சுவரைப் பார்த்தபடி அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.